தகட்டில் ஆறு, சிலிண்டரில் எட்டு: வெருலம் தோட்டத்துப் பெட்ரோல் எஞ்சினை அடையாளம் கண்ட பதிவு

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே வெருலம், டோங்காட் வட்டாரங்களில் பழைய தோட்டக் கொட்டகைகளைத் திறந்து பார்த்தால், உரமூட்டைக்கும் துருப்பிடித்த மண்வெட்டிக்கும் பின்னால் ஏதாவது ஒரு சிறிய பெட்ரோல் எஞ்சின் இன்னும் கிடைக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களுக்கும் அவர்களுக்குப் பின் வந்தவர்களுக்கும் ஒப்பந்தக் காலம் முடிந்தபோது, கரும்புத் தோட்டத்தை விட்டு ஆற்றோரத்தில் சிறு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட்ட குடும்பங்கள் பல. முதலில் தோளில் சுமந்த தண்ணீரை, பிற்காலத்தில் கையில் காசு சேர்ந்தவர்கள் எஞ்சின் வைத்து இறைத்தார்கள். மின்சாரம் எட்டாத ஆற்றங்கரைக்கு அதுதான் வழி. இன்று மின்மோட்டாரும் புதிய இறக்குமதி எஞ்சின்களும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. பழையவை பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன, அல்லது என்னைப் போன்ற சிலரிடம் வந்து சேர்கின்றன.

இந்தப் பதிவில் நான் விரிவாக எழுதப்போவது அப்படி வந்த ஒரே எஞ்சினைப் பற்றி. அதன் பெயர்த் தகட்டில் எழுதியிருந்த பெயரும் அதன் உண்மையான பெயரும் வேறு வேறாக இருந்தன. பழைய எஞ்சின் சேகரிப்பவர்களுக்கு இது அடிக்கடி நேர்வது. ஆகவே அடையாளம் காண்பது என்ற வேலையை எந்த வரிசையில் செய்தேன், எந்தச் சான்றுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுத்தேன் என்பதைச் சற்று நிதானமாகவே எழுதுகிறேன்.

எஞ்சின், உம்டுலோட்டி ஆற்றை ஒட்டிய ஒரு தோட்டத்திலிருந்து வந்தது. முட்டைக்கோசும் பீன்சும் சேப்பங்கிழங்கும் போட்டு டர்பன் சந்தைக்கு அனுப்பிக்கொண்டிருந்த குடும்பம் அது. வீட்டுப் பெரியவர் அதை விலைக்குக் கொடுக்க விரும்பவில்லை. ஓட வைத்துக் காட்டினால் போதும் என்று சொல்லி என் பக்கியில் (சிறு சரக்கு வண்டியில்) ஏற்றிவிட்டார். குளிர்ச்சிக்குத் துடுப்பு வைத்த வார்ப்பிரும்புச் சிலிண்டர், கயிறு சுற்றி இழுக்கும் வெட்டுள்ள உருளை, பிளைவீலை மூடிய தகர உறை ஆகியவற்றைப் பார்த்த மாத்திரத்திலேயே அது அமெரிக்காவின் பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன் என்பது தெரிந்துவிட்டது. 1908இல் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கியில் ஸ்டீபன் ஃபாஸ்டர் பிரிக்ஸும் ஹரோல்டு ஸ்ட்ராட்டனும் தொடங்கிய நிறுவனம் அது. உலகின் மூலைமுடுக்கெல்லாம் போன எஞ்சின்கள் அவர்களுடையவை. நிறுவனம் தெரிந்தாயிற்று, எந்த மாடல் என்பதுதான் கேள்வி.

சுத்தம் செய்வதற்கு முன் படம் எடுப்பது என்பதை நான் எந்த நிலையிலும் விட்டுக்கொடுப்பதில்லை. மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும் பட்டதும் முதலில் அழிவது பெயின்ட்டு. பெயின்ட்டின் அடுக்குகளோ, எஞ்சினை எத்தனை முறை யார் கழற்றினார்கள் என்பதைச் சொல்லும் சாட்சி. நட்டின் முகத்தில் ஸ்பேனர் பட்ட காயம், வாஷருக்கு அடியில் பெயின்ட்டுப் படாமல் நின்ற வளையம், ஒரு போல்ட்டு மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் இருப்பது ஆகிய எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். பிறகுதான் தகட்டின்மேல் படிந்திருந்த எண்ணெய்க் கசடை மரக்குச்சியாலும் துணியாலும் மெல்ல நீக்கினேன். மணல்தாள் போட்டுத் தேய்த்தால் ஆழம் குறைவாகப் பொறித்த எழுத்துகள் சில நொடிகளில் போய்விடும். எழுத்து மங்கலாக இருந்தால், கைவிளக்கைத் தகட்டோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் பார்ப்பதே போதும். பள்ளத்தின் நிழல் எழுத்தை எடுத்துக் காட்டிவிடும்.

தகட்டில் 6எஸ் என்று இருந்தது.

பிரிக்ஸ் நிறுவனத்தின் பெயரிடும் முறை தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டு எழுத்திலேயே நிறையச் செய்தி இருக்கிறது. முற்காலத்தில் அவர்கள் என், ஒய், டபிள்யூஎம் என்று எழுத்துகளால் பெயரிட்டு வந்தார்கள். 1940களின் கடைசியில் எண்களுக்கு மாறினார்கள். அந்த எண், சிலிண்டரின் கொள்ளளவைக் கன அங்குலக் கணக்கில் சொல்வது. மாடல் 5 என்றால் ஏறத்தாழ ஐந்து கன அங்குலம்; 6, 8, 9, 14, 23 எல்லாம் அப்படியே. எஸ் என்ற எழுத்து, பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் உறிஞ்சும் வகை என்பதைக் குறிக்கிறது. அதில் பெட்ரோல் தொட்டி கார்புரேட்டருக்குக் கீழே இருக்கும். எஞ்சின் ஒரு குழாய் வழியாகத் தானே பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும். மிதவையும் மிதவைக் கிண்ணமும் அதில் கிடையா.

எனக்கு முன்னால் இருந்த எஞ்சினிலோ மிதவைக் கிண்ணம் வைத்த கார்புரேட்டர் இருந்தது. தொட்டியும் மேலே இருந்து பெட்ரோல் தானாக இறங்கும்படி பொருத்தப்பட்டிருந்தது. கார்புரேட்டரை யாரும் மாற்றியிருக்கலாம் என்பதால் இதை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கு வரக்கூடாது. ஆனால் இந்த எஞ்சின்களில் தகடு எங்கே இருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அது சிலிண்டரின் உடம்பில் இல்லை. சில போல்ட்டுகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் தகர உறையின்மேல் இருக்கிறது. உறை எந்த எஞ்சினுக்குப் பிறந்ததோ அந்த எஞ்சினின் பெயரைத்தான் அது சொல்லும். உறைக்கு அடியில் இருக்கும் இரும்பைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

பெயின்ட்டும் அதையே சொன்னது. உறையின் கறுப்புக்கு அடியில் பச்சை இருந்தது. சிலிண்டரிலும் கிராங்க் கேசிலும் கறுப்பு மட்டுமே. உறையின் ஒரு போல்ட்டைக் கழற்றியபோது, வாஷர் விட்ட தடம் இரண்டு வட்டங்களாக, ஒன்றின்மேல் ஒன்று சற்று விலகி விழுந்திருந்தது. அதாவது அந்த உறை ஒருமுறை வேறு வாஷரோடு, வேறு இடத்தில் இறுக்கப்பட்டிருக்கிறது.

சந்தேகம் வலுத்துவிட்டது. அதைத் தீர்க்க ஒரே வழி அளப்பதுதான். தகட்டை மாற்றலாம், உறையை மாற்றலாம், கார்புரேட்டரை மாற்றலாம். சிலிண்டரின் குறுக்களவையும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தையும் யாரும் தோட்டத்தில் வைத்து மாற்ற முடியாது. பெயர் தெரியாத எந்தப் பழைய எஞ்சினிலும் நான் கடைசியில் நம்புவது இந்த இரண்டு அளவுகளைத்தான்.

அளப்பதற்குச் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற வேண்டும். அப்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்த எஞ்சின்களில் ஹெட் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளமாக இருப்பதில்லை. நீளமான போல்ட்டைக் குட்டையான இடத்தில் இறுக்கினால் மரை முடியும் இடத்தில் அது முட்டி நின்றுவிடும்; ஹெட் இறுகியதுபோலத் தோன்றும், ஆனால் இறுகியிருக்காது. ஆகவே ஓர் அட்டையில் ஹெட்டின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளையிட்டு, கழற்றிய போல்ட்டை அங்கேயே செருகி வைத்தேன். இரண்டு போல்ட்டுகள் அசைய மறுத்தன. அவற்றைச் சூடாக்கி, ஆறவிட்டு, ஊடுருவும் எண்ணெய் விட்டு மறுநாள் வரை காத்திருந்தபின், இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு திருப்பிப் பிறகு கழற்றும் பக்கம் திருப்பியதும் வழிக்கு வந்தன. வார்ப்பிரும்பில் போல்ட்டு முறிந்தால் அதைத் துளையிட்டு எடுப்பது பெரும்பாடு. அந்தப் பாட்டைத் தவிர்க்க எத்தனை நாள் காத்திருந்தாலும் தகும்.

ஹெட்டை எடுத்ததும், பிஸ்டன் பாதி வழியில் இறுகி நிற்பது தெரிந்தது. டர்பன் கரையோரத்தின் உப்புக் காற்றுக்கு இது வழக்கம். எஞ்சினை நிறுத்தும்போது ஒரு வால்வு திறந்த நிலையில் நின்றுவிட்டால், ஈரக்காற்று நேராகச் சிலிண்டருக்குள் போய், பிஸ்டன் ரிங்கும் சுவரும் சேரும் இடத்தில் துருவை வளர்த்துவிடும். இந்த எஞ்சினில் திறந்து நின்றது புகைபோக்கி வால்வு. அதன் தண்டும் வழிகாட்டியோடு ஒட்டிப்போயிருந்தது.

பிஸ்டனுக்கு மேலே தெரிந்த சிலிண்டர்ச் சுவரை அளந்தேன். பழைய சிலிண்டரில் ரிங் ஏறி இறங்கும் பகுதி தேய்ந்து, அதற்கு மேலே தேயாத ஒரு விளிம்பு நிற்கும். விரல் நகத்தை மேலிருந்து கீழே இழுத்தால் அந்தப் படி தட்டுப்படும். முதலில் அளக்க வேண்டியது அந்தத் தேயாத விளிம்பைத்தான், ஏனென்றால் அதுவே தொழிற்சாலை கொடுத்த அளவுக்கு மிக அருகில் இருப்பது. வெர்னியரின் உள்வாயை விரித்து, குறுக்கே ஒருமுறையும் அதற்குச் செங்குத்தாக ஒருமுறையும் அளந்தபோது, இரண்டுமே 57.2 மில்லிமீட்டரை ஒட்டி வந்தன. அது இரண்டேகால் அங்குலம். மாடல் 6 சிலிண்டரின் குறுக்களவு இரண்டு அங்குலம், அதாவது 50.8 மில்லிமீட்டர்.

தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். கூடும், ஆனால் இந்த அளவுக்குக் கூடாது. கடைந்தபின் போடுவதற்கென்று செய்யப்பட்ட பெரிய பிஸ்டன்கள் 0.010, 0.020, 0.030 அங்குலம் என்ற கணக்கில்தான் வந்தன. கால் அங்குல வித்தியாசம் கடைசலால் வருவதன்று; அது பிறவியிலேயே வந்த வித்தியாசம்.

குறுக்களவு மட்டும் தெரிந்தால் போதாது, ஏனென்றால் மாடல் 8க்கும் மாடல் 9க்கும் குறுக்களவு ஒன்றே. பிஸ்டன் ஓடும் தூரத்தில்தான் அவை பிரிகின்றன: 8இல் இரண்டு அங்குலம், 9இல் இரண்டேகால். அதை அளக்கப் பிஸ்டன் ஓட வேண்டும். அசிட்டோனும் தானியங்கி கியர் எண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்து பிஸ்டன் தலையில் ஊற்றி, அசிட்டோன் ஆவியாகிவிடாதபடி ஒரு தகடு போட்டு மூடி, வெளிக்காற்று வரும் இடத்தில் நெருப்புக்கு எட்டாமல் வைத்தேன். அவ்வப்போது கலவையைப் புதுப்பித்து, பிளைவீலைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அலுமினியப் பிஸ்டனில் ரிங் பள்ளம் நசுங்குவதும் கனெக்டிங் ராடு வளைவதும் அதனால்தான். மரக்கட்டையை வட்டமாக அறுத்துத் தலைமேல் வைத்து, கையளவு பலத்தில் தட்டியதும், ஒரு மயிரிழை இறங்கியது. இறங்கத் தொடங்கிவிட்டால் மிச்சம் பொறுமை மட்டுமே.

பிஸ்டன் மேல்முனைக்கு வந்தபோதும் கீழ்முனைக்குப் போனபோதும், சிலிண்டரின் மேல்முகத்திலிருந்து ஆழத்தை அளந்து கழித்தேன். 50.8 மில்லிமீட்டர், சரியாக இரண்டு அங்குலம். இரண்டேகாலின் வர்க்கத்தை 0.7854ஆல் பெருக்கி இரண்டால் பெருக்கினால் 7.95 கன அங்குலம் வருகிறது, நம் கணக்கில் 130 சிசி. தகட்டில் சொன்ன மாடல் 6 ஆக இருந்தால் இது 6.28 கன அங்குலம், அதாவது 103 சிசியாக இருந்திருக்க வேண்டும். ஆகவே இந்த எஞ்சினின் உடம்பு மாடல் 8. தகர உறை மட்டுமே மாடல் 6எஸ்ஸுடையது. 6க்கும் 8க்கும் பிஸ்டன் ஓட்டம் ஒன்றே; இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஒன்றின் உறை மற்றொன்றில் உட்கார்ந்ததில் வியப்பில்லை.

இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அந்தத் தகரம் பக்கியில இருந்து எஞ்சின் விழுந்தப்போ நசுங்கிப் போச்சு தம்பி. மச்சான் வீட்டுப் புல்வெட்டி மெஷின் சும்மா கிடந்தது, அதுல இருந்ததைக் கழட்டி மாட்டினோம். அன்னிக்கு வெயில்ல தண்ணி நின்னா கீரை எல்லாம் வாடிடும். தகட்டுல என்ன எழுதியிருக்குன்னு யாரு பாத்தாங்க?" என்றார். கொட்டகையில் தேடினால் நசுங்கிய பழைய உறை கிடைக்குமா என்று கேட்டேன். அது எப்போதோ பழைய இரும்போடு போய்விட்டதாம். அதனோடு இந்த எஞ்சினின் வரிசை எண்ணும் போய்விட்டது. ஆகவே இது எந்த ஆண்டு செய்யப்பட்டது என்று எழுத எனக்கு வழியில்லை, எழுதவும் மாட்டேன்.

அடையாளம் முடிந்தபின் பழுதுபார்ப்பு தெளிவாகிவிடுகிறது, ஏனென்றால் எந்த அளவை வைப்பது, எந்த கேஸ்கெட்டைத் தேடுவது என்பது அதற்குப் பின்புதான் தெரியும். மாடல் 6 என்று நம்பி ஹெட் கேஸ்கெட்டும் ரிங்கும் வரவழைத்திருந்தால் இரண்டும் பொருந்தியிருக்காது.

பிளைவீலைக் கழற்றும் முன், அதன் நட்டுக்கு வெளியே தெரியும் மரையின் சாய்வைப் பார்த்துக்கொள்வது நல்லது. பிரிக்ஸின் பழைய எஞ்சின்கள் சிலவற்றில் அந்த நட்டு இடதுமரை. வலதுமரை என்று நினைத்து நீளமான குழாய் போட்டு இழுத்தால் கிராங்கின் முனை போய்விடும். நட்டு வந்தபின் புல்லர் போட்டு இழுத்தேன். பிளைவீலின் ஓரத்தைத் தட்டக்கூடாது. அதன் துடுப்புகள் உடையும், உள்ளே பதித்த காந்தமும் அதிர்ச்சியால் வலு இழக்கும். பிளைவீலுக்கும் கிராங்குக்கும் இடையே உள்ள கீ என்ற சிறு ஆப்பு மென்மையான உலோகத்தால் ஆனது. அது பாதி அறுந்து ஒரு பக்கம் நகர்ந்திருந்தால், பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும், தீப்பொறியும் வரும், ஆனால் நேரம் தப்பி வரும். கயிற்றைத் திருப்பி இழுத்துக் கையில் அடிக்கும் எஞ்சின்கள் பலவற்றுக்கு இதுவே காரணம். என் எஞ்சினில் கீ நல்ல நிலையில் இருந்தது. ஆனாலும் புதியதே போட்டேன். அதற்குப் பதிலாக உருக்கில் ஒரு கீ செய்து போடுவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். அந்த மென்மை வேண்டுமென்றே வைத்தது.

தீப்பொறிக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயிண்ட் இருக்கும் பெட்டிக்குள் எண்ணெய் கசிந்து, இரண்டு முனைகளின்மேலும் பழுப்பாகக் காய்ந்திருந்தது. கிராங்கிலிருந்து பாயிண்டைத் தள்ளும் சிறு தண்டு ஓடும் துளை தேய்ந்தால் எண்ணெய் அந்த வழியாக ஏறும். தேய்மானம் அதிகம் இல்லாததால் தண்டை மட்டும் மாற்றினேன். முனைகளை மெல்லிய சாணைக்கல்லால் தேய்த்து, பின் ஒரு வெள்ளைத் தாளை நடுவில் செருகி இழுத்து, தாளில் கறை படியாத வரை சுத்தம் செய்தேன். இடைவெளி 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர். ஸ்பார்க் பிளக்குக்கு 0.030 அங்குலம். கண்டென்சரைப் பழையது என்ற ஒரே காரணத்துக்காக மாற்றினேன். காயிலின் மேலுறை வெடிப்பில்லாமல் இருந்தது. பிளக்கைச் சிலிண்டரின் மேல் தொட வைத்துப் பிளைவீலைச் சுழற்றியதும், நிழலில் நீலமாகத் தெரியும் அளவுக்குத் தீப்பொறி வந்தது.

வால்வு வேலைதான் நெடுநேரம் எடுத்தது. ஒட்டியிருந்த புகைபோக்கி வால்வை எண்ணெயில் ஊறவைத்து, திருப்பித் திருப்பி வெளியே எடுத்தேன். அதன் முகத்தில் அம்மைத் தழும்புபோலக் குழிகள். அரைக்கும் பசை தடவி இருக்கையோடு சேர்த்து அரைத்தபின், சுற்றிலும் ஒரே அகலத்தில் சாம்பல் நிற வளையம் தெரிய வந்தது. இந்த எஞ்சின்களில் வால்வு இடைவெளியைத் திருகித் திருத்த ஏற்பாடு கிடையாது. அரைக்க அரைக்க வால்வு கீழே இறங்கி, அதன் தண்டு, அதைத் தள்ளித் திறக்கும் டேப்பெட்டை நெருங்கிக்கொண்டே போகும். அப்போது தண்டின் நுனியைச் சமமாகத் தேய்த்துத்தான் இடைவெளி உண்டாக்க வேண்டும். உள்வாங்கும் வால்வுக்கு 0.007 முதல் 0.009 அங்குலம், புகைபோக்கி வால்வுக்கு 0.014 முதல் 0.016 அங்குலம். புகைபோக்கி வால்வு சூட்டில் நீளுவதால் அதற்கு ஏறக்குறைய இரட்டிப்பு. ஒரு தேய்ப்புக்கு ஒருமுறை ஃபீலர் கேஜ் வைத்துப் பார்ப்பதே பாதுகாப்பு, ஏனென்றால் கூடுதலாகத் தேய்த்த தண்டைத் திரும்ப வளர்க்க முடியாது.

ரிங்குகளைப் புதியதாகப் போட்டு, சிலிண்டர்ச் சுவரில் மெல்லிய குறுக்குக் கோடுகள் விழும்படி ஓர் ஓட்டு ஓட்டி, வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி உடனே எண்ணெய் பூசினேன். பெட்ரோலால் மட்டும் கழுவினால் அரைதூள் கோடுகளுக்குள்ளேயே தங்கிவிடும். ஹெட்டை எதிரெதிர் போல்ட்டாகப் பல சுற்றுகளில் இறுக்கினேன். முடிவில் 140 அங்குல-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16 நியூட்டன் மீட்டர். கிராங்க் கேசில் எஸ்ஏஈ 30 எண்ணெய். கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் அரக்குப்போல உறைந்திருந்த பழைய பெட்ரோலைக் கரைத்து, ஜெட்டை மெல்லிய செம்புக் கம்பியால் திறந்தேன். உருக்குக் கம்பி பித்தளை ஜெட்டின் துளையைப் பெரிதாக்கிவிடும். ஊசித் திருகை மெல்ல மூடி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்றுத் திறந்து வைத்தேன். பெட்ரோலைப் பொறுத்தவரை கவலையில்லை. தென்னாப்பிரிக்காவில் 2006 முதல் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனையில் இல்லை. ஆனால் இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் ஓடும் எஞ்சினுக்கு இன்றைய 93 ஆக்டேனோ 95 ஆக்டேனோ தாராளம்.

வெளிமுற்றத்தில் வைத்துக் கயிறு இழுத்தேன். முதலில் சில இருமல், பின் வெள்ளைப் புகை, பின் ஒரே சீரான ஓட்டம். ஊசித் திருகைச் சற்று மூடியதும் புகை குறைந்து சத்தம் வட்டமாயிற்று. பெரியவர் வந்து நின்று கேட்டார். அவர் முதலில் பார்த்தது, நிறுத்துவதற்காகப் பிளக்கின் தலைமேல் அழுத்தும் தகட்டுப் பட்டை இருக்கிறதா என்பதைத்தான்.

தகடு விஷயத்தில் நான் எடுத்த முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். 6எஸ் உறையைக் கழற்றிவிட்டு மாடல் 8க்கு உரிய உறையைத் தேடிப் போடலாம். புதிதாக அச்சிட்ட தகடுகளும் வாங்கக் கிடைக்கின்றன. வேண்டிய எண்ணைப் பொறித்து அறைந்துவிடலாம். சேகரிப்பவர்களில் நல்லவர்கள் பலர் அப்படிச் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புதிய தகட்டில் பொறிக்கும் வரிசை எண் எந்தத் தொழிற்சாலைப் பதிவிலும் இல்லாத எண். அடுத்து இந்த எஞ்சினைக் கையில் எடுப்பவர் அதை உண்மை என்று நம்பி ஆண்டு கணிப்பார். அதைவிட, 6எஸ் உறை இங்கே வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது; ஒரு தோட்டம் வாடாமல் இருப்பதற்காக வந்தது. அதை அகற்றுவது அந்தக் குடும்பத்தின் உழைப்பில் ஒரு பகுதியை அகற்றுவதாகும். ஆகவே உறையை அப்படியே விட்டுவிட்டேன். சிலிண்டர் மாடல் 8, குறுக்களவு இவ்வளவு, ஓட்டம் இவ்வளவு, உறை 6எஸ்ஸிலிருந்து வந்தது, சொன்னவர் இன்னார் என்று ஒரு தாளில் எழுதி, எண்ணெய் படாத பையில் போட்டு, எஞ்சினோடு கட்டிவிட்டேன்.

இதே நிறுவனத்தின் பிற்கால எஞ்சின் உங்கள் கையில் கிடைத்தால் வேலை எளிது. 1953இல் அவர்கள் அலுமினிய எஞ்சினைக் கொண்டுவந்தபின் புல்வெட்டி எஞ்சின்கள் பெரும்பாலும் அலுமினியத்துக்கு மாறின. காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். பிற்கால மாடல் எண்களில் முதல் ஓரிரு இலக்கங்கள் கன அங்குலம், அடுத்தது வடிவமைப்பு, அதற்கடுத்தது கிராங்க் படுத்திருக்கிறதா நிற்கிறதா என்பதும் கார்புரேட்டர் வகையும், பின் பேரிங், கடைசியில் ஸ்டார்ட்டர். 100202 என்றால் பத்து கன அங்குலம், படுத்த கிராங்க், தானே சுருளும் கயிற்று ஸ்டார்ட்டர். செய்த தேதியைச் சொல்லும் குறியீட்டு எண் (code) இன்னும் எளிது. அது 680514 என்று தொடங்கினால் 1968 மே 14 அன்று செய்தது என்று பொருள். ஆனால் இதுவும் உறையின்மேல் பொறித்த எண்தான் என்பதை மறக்கக் கூடாது.

இந்த வட்டாரத்தில் கிடைக்கும் பிற எஞ்சின்கள் பெரும்பாலும் ஆங்கில நாட்டுச் சரக்கு. தண்ணீர்த் தொட்டியோடு நிற்கும் லிஸ்டர் டி, குளோஸ்டர்ஷயரின் டர்ஸ்லியில் 1926 முதல் செய்யப்பட்டது. ஒன்றரைக் குதிரைச் சக்தியை நிமிடத்துக்கு 700 சுற்றில் கொடுத்து நாள் முழுவதும் சலிக்காமல் ஓடக்கூடியது. பர்மிங்காமின் வோல்ஸ்லி டபிள்யூடி, யோவிலின் பெட்டர், வோல்வர்ஹாம்ப்டனின் வில்லியர்ஸ் ஆகியவையும் வரும். அமெரிக்க இன்டர்நேஷனல் எல்ஏ எப்போதாவது வரும். இவற்றில் வார்ப்பிலேயே எழுந்து நிற்கும் எழுத்துகள் இருக்கும். அவை அந்த ஒரு பாகத்தின் வார்ப்பு எண்கள். எஞ்சினின் வரிசை எண் என்று அவற்றை எடுத்துக்கொண்டால் தேடல் தவறான திசையில் போய்விடும். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவுக்குத் தனித் தகடு இருக்கும். லூகாஸ், பிடிஎச், விக்கோ என்று அதன் பெயர் வேறாக இருக்கும். அதையும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் எஞ்சின் ஓடிய காலத்தில் அதிகமாக மாற்றப்பட்ட பாகம் அதுவே.

பெரியவரின் எஞ்சின் இப்போது அவர் வீட்டிலேயே இருக்கிறது. அவர் பேரனிடம் ஓட்டத்தை நிறுத்தும் முறையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பெட்ரோல் குழாயை மூடி, கிண்ணத்தில் இருப்பது தீர்ந்து எஞ்சின் தானே நிற்கும் வரை ஓடவிட வேண்டும். சூடு ஆறியபின் பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, கயிறில்லாமல் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, பிளக்கைத் திரும்பப் போட வேண்டும். பிறகு பிளைவீலை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்து, கைக்கு எதிர்ப்புத் தட்டும் இடத்தில் விட்டுவிட வேண்டும். அந்த இடத்தில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். கடற்காற்று உள்ளே போக வழியில்லை.